இரண்டு ஜெபமாலை வேக வேண்டிய தக்காளி

நம் வீட்டில் மாதம் ஒரு தடவையாவது செய்கிற சிவப்புக் குழம்பை நீங்கள் தக்காளி சாஸ் என்கிறீர்கள். கடையில் பாட்டிலில் விற்பதும் தக்காளி சாஸ்தான். ஆனால் அது வேறு, இது வேறு. இது பிரெஞ்சுக்காரர்கள் செய்கிற முறை. இதில் மிளகாய் கிடையாது, புளி கிடையாது, கடுகு கிடையாது. பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த தெருவில் இதை முதல் முதலாகச் செய்தது நான்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவதாகச் செய்தவர் யாரும் இல்லை.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சின்னவன் கேட்டான். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து திருத்துவாள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். ஜங்ஷன் பார்சல் ஆபீசில் மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயரும் நம்பரும் எழுதுகிற வேலை. அதற்கு மேல் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மூத்தவளே, நீ அப்போது அம்மா வயிற்றில் மூன்று மாதம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், உங்கள் அத்தையும். அத்தை கான்வென்ட்டில் தையல் டீச்சர். எங்கள் அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் எதை எப்போது செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது அவர். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தீர்மானிக்கிற வேலை நானாகச் செய்தால் சரியாக வராது.

உன் புண்ணியத்தில் உங்கள் அம்மாவுக்கு அப்போது மூன்று வாரமாக எதுவும் உள்ளே தங்கவில்லை. கஞ்சி குடித்தால் வாந்தி. இளநீர் குடித்தால் வாந்தி. அடுத்த வீட்டில் கடுகு வெடித்தால் இங்கே வாந்தி. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு எனாமல் பேசின் வைத்திருந்தோம். ஆஸ்பத்திரி சிஸ்டர் எடை பார்த்துவிட்டு, "புள்ளை வளருதா, அம்மா தேயுதான்னே தெரியலை" என்றார். யாரோ இதைப் பாண்டிச்சேரியில் அவள் அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை உங்கள் தாத்தாவிடமிருந்து கார்டு வந்தது.

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை அந்த ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தாக்களின் கடிதத்தில் நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்காது. "ஞாயிறு வருகிறேன். அவள் சாப்பிடாமல் இருந்தால் கையோடு கூட்டிப் போவேன். பிரசவத்துக்குப் பின் அனுப்புவேன்." இவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து.

பிரசவத்துக்குப் பின் என்றால் கிட்டத்தட்ட ஆறு ஏழு மாதம். அதில் பச்சைக் குழந்தையோடு பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று இன்னும் மூன்று மாதம் சேரும். கல்யாணமான வருஷத்திலேயே நானும் அத்தையும் மறுபடியும் அக்காவும் தம்பியுமாக இருக்க வேண்டியதுதான். உங்கள் அம்மாவிடம் கார்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"என்ன சொல்றே?" என்றேன்.

"அப்பா வந்து கிளம்புன்னா, நான் என்னங்க சொல்ல முடியும்?"

"சாப்பிட்டா விட்டுடுவாராம்ல."

"சாப்பிட மாட்டேன்னா சொல்றேன்?" என்று சொல்லிவிட்டு பேசினை இழுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் அவளாகவே ஒன்று சொன்னாள். அவள் அம்மா செய்கிற தக்காளி சாஸ் இருந்தால், ரொட்டியில் தடவி ஒரு துண்டு சாப்பிட முடியும் என்று தோன்றுகிறதாம். அவள் அம்மா நான்கு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டவர். நான் பார்த்ததில்லை. செய்முறை எங்கும் எழுதி வைக்கவில்லை. உங்கள் அம்மா சின்ன வயதில் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

நான் பார்சல் ஆபீஸ் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரிக்க வேண்டும். பிழிந்து விதையை எடுத்துவிட வேண்டும். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், கொஞ்சம் பூண்டு. சிவக்க விடக் கூடாது. பிறகு தக்காளி, உப்பு, ஒரு பிரிஞ்சி இலை. இறக்கும்போது கொல்லையில் இருந்து ஒரு வாசனை இலை, சப்ஜா விதை வருமே அந்தச் செடியின் இலை.

"எவ்வளவு நேரம் வேகணும்?"

"ரெண்டு ஜெபமாலை நேரம்."

"நிமிஷம் தெரியாதா?"

"கடிகாரம் அப்பா ரூம்ல இருக்கும். அதை அவர் மட்டும்தான் பார்ப்பாரு. அம்மா சட்டியை ஏத்திட்டு ஜெபமாலையை எடுப்பாங்க. ரெண்டு முடிஞ்சா சாஸ் ரெடி."

எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. எழுதிக்கொண்டேன்.

அத்தை அந்தத் தாளை வாங்கிப் படித்தார். "தோலை உரிச்சு, விதையை எடுத்துட்டா தக்காளியில மிச்சம் என்னடா இருக்கு?"

"சதை இருக்கும்க்கா."

"மிளகாய் எங்கே?"

"இல்லையாம்."

"இது காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்கிறதுடா தம்பி" என்றார். ஆனால் தடுக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவர் செய்து கொடுத்த பதினேழு வகையும் பேசினுக்குள் போயிருந்தது.

வியாழக்கிழமை காலை காந்தி மார்க்கெட் போனேன். புளிக்காத தக்காளி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கூடைக்கார அம்மாவிடம் அப்படியே கேட்டேன்.

"புளிக்காத தக்காளியா? அந்தாண்ட பூசணிக்காய் விக்கிறாங்க, போய்ப் பாருங்க" என்றார்.

பக்கத்துக் கூடைக்காரர் என் மேல் இரக்கப்பட்டார். "உப்பிலியபுரத்துலேருந்து விடியக்காலம் இறங்கினதுங்க. செடியிலேயே பழுத்தது, புளிப்பு கம்மியா இருக்கும். ஆனா மூணு நாளைக்கு மேல தாங்காது."

"எனக்கே ஞாயித்துக்கிழமை வரைக்கும்தாங்க டைம்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. நாலு கிலோ நிறுத்துக் கொடுத்தார்.

ஆலிவ் எண்ணெய் மளிகைக் கடையில் கிடைக்காது. மருந்துக் கடையில்தான், உள்ளங்கை அளவு பாட்டிலில் இருக்கும்.

"காதுக்கா, குழந்தைக்குத் தேய்க்கவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தக்காளிக்குங்க."

அவர் சற்று யோசித்தார். "எத்தனை சொட்டு?"

"ரெண்டு கரண்டி."

இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார்.

அந்த இலைதான் கிடைக்கவில்லை. அதற்குத் திருநீற்றுப்பச்சை என்று பெயர். ஆபீசில் என் எதிர் மேஜைக்காரர் ஸ்ரீரங்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் விசாரித்தேன்.

"எங்காத்துக் கிணத்தடியிலே மண்டிக் கெடக்கு ஓய். சாயங்காலம் எங்கூட வாரும், பறிச்சுத் தரேன். எதுக்கு?"

"பூண்டு வெங்காயத்தோட தக்காளியை வதக்கி சார்..."

"போதும். இலையைத் தரேன். அது என்ன ஆச்சுன்னு மட்டும் எங்கிட்டே வந்து சொல்லாதேயும்."

சாயங்காலம் அவரோடு பஸ்ஸில் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. அவர் வீட்டம்மா கிணற்றடியில் கொத்தாகப் பறித்து வாழைப் பட்டையில் சுற்றிக் கொடுத்தார். "மசக்கைக்கா? தண்ணியிலே நிக்க வைங்கோ, நாலு நாள் வாடாது. நன்னா சாப்பிடுவா, பெருமாள் பார்த்துப்பார்" என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே உங்கள் அத்தையிடம் சொன்னேன். "அவங்க பெருமாள்கிட்ட சொல்லட்டும், நாம மாதாகிட்ட சொல்லுவோம். யார் முதல்ல கேக்கிறாங்களோ கேக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதித் தக்காளியை உரித்தேன், பிழிந்தேன், வதக்கினேன். கையெல்லாம் எரிந்தது. எல்லாம் தாளில் எழுதியபடியே செய்தேன். திரி ஸ்டவ்வைச் சின்னதாக்கிச் சட்டியை ஏற்றினேன். மணி ஏழு. மாதா படத்துக்கு முன்னால் அத்தை மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். அன்றைக்கு இரண்டு ஜெபமாலை சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, நானும் போய் முழந்தாளிட்டேன்.

இங்கே அத்தையின் ஜெபமாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதன் கடைசிக் காலத்தைத்தான் பார்த்தீர்கள். நான் சொல்கிற காலத்தில் அவருக்கு நல்ல பலம். ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேயும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் பத்துப் பத்தாக உருட்டி முடிந்ததும் பிரார்த்தனை. அது முடிந்ததும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள். அதில் எங்கள் தெருவில் செத்தவர்கள் வீடு வாரியாக வருவார்கள். பிறகு பாப்பரசர், ஆயர், மழை, தையல் கிளாஸில் ஊசி குத்திக்கொண்ட பிள்ளைகள். பரீட்சை சமயம் என்றால் பரீட்சையும் சேரும். ஒரு ஜெபமாலைக்கு முக்கால் மணிக்குக் குறையாது. நடுவில் எழுந்திருக்கக் கூடாது. என் சின்ன வயதில் ஒருமுறை வாசலில் தபால்காரர் கூப்பிட, நான் எழுந்து போய்விட்டேன் என்பதற்காக, திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தார்.

முதல் ஜெபமாலை முடிந்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் மூன்றாம் பத்து மணிக்கு வாசனை மாறியது. நான்காவதில் சந்தேகமே இல்லை. நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்காமல், "பராக்குப் பார்க்காதே" என்றார். தெருவில் செத்தவர்கள் பாதித் தெரு வந்தபோது புகை மாதா படத்துக்கு முன்னால் வந்துவிட்டது. தாளில் இரண்டு ஜெபமாலை என்று எழுதியிருந்தது. ஆமென் வரைக்கும் இருந்தேன்.

சட்டியின் அடியில் தார் மாதிரி ஒன்று இருந்தது. மேலே கொஞ்சம் சிவப்பு. நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நாளை மறுநாள் தாத்தா வந்துவிடுவார். அப்போது வாசலில் உங்கள் அம்மா நின்றாள். மூன்று வாரமாகச் சமையலறைப் பக்கம் வராதவள்.

"இந்தப் பக்கம் வராதே, புகை" என்றேன்.

"எனக்குக் குமட்டலைங்க" என்றாள். சட்டியை எட்டிப் பார்த்தாள். "மேலாக்க அம்மா சாஸ் வாசனைதான் வருது. எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"நீ சொன்னபடிதான். ரெண்டு ஜெபமாலை."

"யாரோட ஜெபமாலை?"

"அக்காவோடதுதான். வேற யாரோடது?"

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வாந்தி வரும் என்று நான் பேசினை எடுக்க ஓடினேன். வரவில்லை.

பிறகு சொன்னாள். அவள் அம்மா முழந்தாளிட மாட்டாராம். அடுப்பு முன்னால் நின்றபடியே, இடது கையில் ஜெபமாலை, வலது கையில் மரக்கரண்டி. பிரெஞ்சில் மளமளவென்று சொல்வாராம். கால் மணிக்குள் ஒன்று முடிந்துவிடும். பிரார்த்தனை, ஆத்துமாக்கள் எல்லாம் சட்டியை இறக்கிய பிறகுதான். ஒவ்வொரு பத்து மணி முடிந்ததும் அடியைச் சுரண்டி ஒரு கிண்டு கிண்டுவாராம்.

"கிண்டணும்னு நீ சொல்லவே இல்லையே?"

"அது சமையல்ல சேர்ந்ததுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஜெபத்துல சேர்ந்ததுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். "கால் மணியிலயா?" என்று மட்டும் கேட்டார். சட்டியை எடுத்துப் போய்ச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார்.

சனிக்கிழமை ஆபீசில் எதிர் மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டேன். சாப்பிட்டாளா, அதை மட்டும் சொல்லும்."

"கருகிடுச்சு சார்."

"என் இலையா?"

"இலை போடறதுக்கு முன்னாடியே சார்."

"அப்ப சரி" என்றார்.

சாயங்காலம் மிச்சம் இருந்த தக்காளியை உரித்தேன். அதில் பாதி அழுகிவிட்டது. இதுவும் போனால் அவ்வளவுதான். உங்கள் அம்மா சமையலறை வாசலில் மணை போட்டு உட்கார்ந்தாள். அவள் அம்மாவின் ஜெபமாலையைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். நான் சட்டியை ஏற்றியதும் ஆரம்பித்தாள். பிரெஞ்சில். அதில் அவளுக்குப் பாதி வார்த்தைக்குத்தான் அர்த்தம் தெரியும். ஆனால் காதில் விழுந்த வேகம் அப்படியே நாக்கில் இருந்தது. பத்து முடியும்போது கையைத் தூக்குவாள். நான் கிண்டுவேன்.

அத்தை கூடத்தில் நின்று பார்த்தார். "இந்த வேகத்துல சொன்னா மாதா எப்படிம்மா தொடர்ந்து வருவாங்க?"

உங்கள் அம்மா நிறுத்தாமல் கையால் மட்டும் பொறுங்கள் என்றாள். அத்தையை அப்படிக் கையால் நிறுத்தியவர் அதற்கு முன் யாரும் இல்லை. அவர் போகவில்லை. சுவர் ஓரமாக முழந்தாளிட்டார். புரியாத பாஷை என்பதால் ஒவ்வொரு மணிக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டாவது ஜெபமாலையில் நான்காம் பத்து முடிந்து நான் கிண்டியபோது, கரண்டி போன தடம் சட்டியில் அப்படியே நின்றது. உங்கள் அம்மா எழுந்து வந்து பார்த்தாள். "போதும், இறக்குங்க."

"இன்னும் பத்து மணி இருக்கே?" என்றார் அத்தை.

"அம்மா கடைசிப் பத்தைச் சாப்பிட்டுட்டுத்தான் அண்ணி சொல்லுவாங்க."

இது நிஜம்தானா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அத்தை நம்பினாரா தெரியாது. பாதியில் விட்ட ஜெபமாலையை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மிச்சப் பத்தைத் தமிழில் அவரே சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் நான் இலையைக் கிள்ளிப் போட்டு, பேக்கரி ரொட்டியை வாட்டி, தடவிக் கொடுத்தேன். உங்கள் அம்மா மணையிலேயே உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. அத்தை ஆமென் சொன்னபோது நான்காவது துண்டில் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பேசினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அத்தை எழுந்து, "சரி, ஜெபத்துக்கு வாங்க" என்று மெழுகுவத்தி ஏற்றினார். எனக்குக் கணக்கு புரியவில்லை. "இப்பதானேக்கா ரெண்டு சொன்னோம்?" "அது தக்காளிக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தாத்தா வந்தார். ஷூ போட்டிருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதை அவர் தூக்கிய விதத்திலேயே காலி என்று தெரிந்தது. மகளின் துணிமணிகளுக்காகக் கொண்டுவந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இளைச்சிட்டே. துணியை எடுத்து வை."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்பா."

"நீ சாப்பிடுறதில்லைன்னுதானே வந்தேன்?"

"உங்களைச் சொன்னேன்."

நேற்றைய சாஸில் மூன்று கரண்டி மிச்சம் இருந்தது. அவித்த முட்டையை அரிந்து, மேலே ஊற்றிக் கொடுத்தாள். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அத்தை பூசைக்குப் போன சேலையை மாற்றாமல் நின்றுகொண்டிருந்தார். நான் பேசினைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன். தாத்தா ரொட்டித் துண்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். தட்டு கழுவின மாதிரி ஆனது.

"யார் செஞ்சது?"

"அவர்தான்பா."

தாத்தா என்னைப் பார்த்தார். கல்யாணத்தில்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. "உங்க மாமியார் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவா, மாப்பிள்ளை" என்றார். "சரிங்க மாமா" என்றேன். தாளில் அதையும் எழுதிக்கொண்டேன்.

துணியை எடுத்து வைக்கச் சொல்லி அவர் திரும்பவும் சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கும் கிளம்பவில்லை. ஏழு மணிக்கு அத்தை மெழுகுவத்தி ஏற்றினார். தாத்தாவுக்கு முழங்காலில் பழைய காயம். ஆனாலும் பட்டாளத்துக்காரர், முழந்தாளிட்டார். முக்கால் மணி நேரத்தில் கைக்கடிகாரத்தை இரண்டு தடவைதான் பார்த்தார். தெருவில் செத்தவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து முடிந்தார்கள். நான் எழுந்திருக்கப் போனேன். அத்தை முடிக்கவில்லை. "பாண்டிச்சேரிச் சம்பந்தியம்மாவுடைய ஆத்துமத்துக்காக" என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து அத்தையின் ஜெபமாலை முக்கால் மணிக்கும் இரண்டு நிமிஷம் மேலே போனது. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் குறை சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை தாத்தா கிளம்பினார். அதற்கு முன் விடிந்ததும் உங்கள் அம்மா என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பி, இரண்டு ஜெபமாலை சொல்லி, ஊறுகாய் பாட்டில் நிறைய சாஸ் செய்திருந்தாள். அதைக் காலிப் பெட்டிக்குள் வைத்தால் உருண்டது. அத்தை தையல் கிளாஸ் வெட்டுத் துணிகளைக் கொண்டுவந்து சுற்றிலும் அடைத்தார். நான் மூடியைச் சாத்தினேன். கை சும்மா இருக்கவில்லை, சாக்கட்டியால் மேலே ஊர்ப் பெயரை எழுதி, அதன் கீழே "கவிழ்க்காதே" என்றும் எழுதிவிட்டேன். பார்சல் ஆபீசில் கண்ணாடிச் சாமானுக்கு அப்படித்தான் எழுதுவோம்.

தாத்தா அதைப் படித்தார்.  பஸ் ஸ்டாண்டு வரை நான் தூக்கி வருகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. வந்தபோது ஒரு கையில் ஆட்டிக்கொண்டு வந்த பெட்டியை, போகும்போது இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்.